பங்குக் கிணறும் லாரித் தண்ணீரும்

முட்டுக்காடு, கோவளம், திருப்போரூர்ப் பக்கத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் சர்வே எண்ணுக்கும் நான்கு மாலுக்கும் அடுத்தபடியாக ஒரு வரி வரும்: 'கிணற்றில் மூன்றில் ஒரு பாகமும், பம்புசெட்டும், முறைப்படி தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும்' என்கிற மாதிரி. செங்கல்பட்டுச் சீமையில் மிராசுப் பங்கு கைமாறிய காலத்திலிருந்தே நிலமும் நீரும் ஒன்றாகத்தான் கைமாறி வந்திருக்கின்றன. ஏரித் தண்ணீர் ஆயக்கட்டுக்கு உரியது. மடைநீரை மட்டும் தனியே கிரயம் செய்துவிட முடியாது. கிணற்று நீர்தான் டேங்கர் லாரி வந்த பிறகு நிலத்தை விட்டுப் பிரிந்து சரக்காகிவிட்டது. பாட்டன் விட்டுப்போன பாத்தியம் என்பது பங்காளிகளோடு முறைவைத்து அனுபவிக்கும் உரிமை. ஊற்றையே காலிசெய்ய எவருக்கும் கொடுத்த அதிகாரம் அல்ல. இந்த வித்தியாசத்தை மறந்தால் தண்ணீரோடு நிலத்தின் மதிப்பும் சேர்ந்தே போகும்.

'என் நிலத்துக்கு அடியில் இருப்பது என்னுடையதுதானே' என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நில உடைமையாளருக்கு உரிமை தருகிறது. அந்த ஊற்றை நம்பிப் பல தலைமுறையாக வாழ்ந்த பக்கத்து நிலத்துக்காரரோ, அனுபவப் பாத்தியத்தின் பேரில் அதற்கு உரிமை கோர முடியாது என்கிறது அதே சட்டம். ஆழ்துளைக் கிணறும் லாரியும் இல்லாத காலத்தில் எழுதிய விதி இது. குளிர்பான ஆலை நீர் இறைத்தது குறித்த பிளாச்சிமடா வழக்கில் நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003இல் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னதை 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வணிகம் என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம், அதன் அட்டவணையில் உள்ள கிராமங்களில் நீர் எடுக்கவும் லாரியில் ஏற்றிச் செல்லவும் உரிமம் கேட்கிறது. வணிகத்துக்கு நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டு அரசாணை செல்லும் என்று 2018 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் இறைத்து விற்றால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விழக்கூடும்.

சட்டத்தைவிடப் பெரிய வரம்பு கடல். முட்டுக்காட்டில் கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. நடுவில் உள்ள மணல் திட்டில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கி நிற்கும் என்பது நீரியலின் பழைய கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதும் அதே கணக்குதான். உப்பு வேலி பார்த்து நுழைவதில்லை. ஒருவர் விற்ற தண்ணீருக்கு ஊரே விலை கொடுக்கிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 1969இல் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த கடல்நீர், 1987இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. அப்படி உப்பேறிய ஊற்றைச் சீராக்க ஒன்றிரண்டு நல்ல மழை போதாது.

விவசாயத்தில் மிச்சமில்லை, தண்ணீராவது காசு தரட்டுமே என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் ஊற்று உப்பாகிவிட்டால் அந்த வருமானமும் நின்றுபோகும், வீட்டுக் குடத்துக்கும் லாரியை எதிர்பார்க்க நேரும். நகரம் தாகத்தில் இருக்கிறதே என்றால், அதற்காகத்தான் பக்கத்து நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை இயங்குகிறது. அந்தச் செலவை நகரம் முழுதும் பகிர்ந்துகொள்கிறது, லாரித் தண்ணீரின் இழப்போ கிராமத்தின் தலையில் மட்டும் விழுகிறது. முன்னுரிமை நீர்ப்பங்கைத் தனியே விற்கச் சட்டம் இடம் தரும் மேற்கு அமெரிக்க மாநிலங்களில்கூட, விற்பனையால் மற்ற உரிமைதாரர்களுக்குக் கெடுதல் வரக்கூடாது என்பது நிபந்தனை. நான் நிறுத்தினால் பக்கத்துக்காரன் இறைப்பானே என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் வலுவானது. அதனால்தான் தனிமனித நல்லெண்ணம் போதாது. எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஊர்விதி வேண்டும்.

முதல் வேலை, கிணற்றுப் பங்கையும் முறையையும் பத்திரத்தில் தெளிவாக எழுதிப் பதிவுசெய்வது. நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு இந்த வரியையும் பார்க்க வேண்டும். பங்காளி ஒருவர் முறையை மீறி லாரிக்கு இறைத்தால் மற்றவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தரும். ஊர் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறதா, லாரிக்கு உரிமம் உண்டா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, பதிலோடு ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் உள்ளூர் மக்கள் தங்கள் தேவைக்கு மட்டுமே நிலத்தடி நீர் எடுக்கலாம் என்று 2011ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை சொன்னதையும் மனுவில் காட்டலாம். மீறலைச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் கொண்டுபோகலாம். மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தில் கூடும் கிராம சபையில், உரிமமில்லாத லாரிக்கு ஊரில் எந்தக் கிணறும் தண்ணீர் தராது என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினால், புகார் கொடுப்பவர் தனி ஆளாக நிற்க வேண்டியிருக்காது.