பிள்ளையை மறிக்காதீர்கள், பாதைக்கு வெளிச்சம் கேளுங்கள்

பல்கலைக்கழக அனுமதி முடிவுகள் வெளிவரும்போது எமது தாய்மாரின் மனதில் மகிழ்ச்சியும் பயமும் சேர்ந்தே வருகின்றன. "பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டது" என்று அயலவருக்குச் சொல்லி முடிப்பதற்குள், "பதுளையா? அவ்வளவு தூரமா? இரவில் என்ன செய்வாள்?" என்ற கவலை பிடித்துக்கொள்கிறது. யுத்தத்தில் கணவனையோ மூத்த பிள்ளையையோ இழந்த பெண்ணுக்கு இந்தப் பயம் இரண்டு மடங்காகும்.

பதுளை பசறை வீதியில் 2005ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் இங்கே வருகிறார்கள். ஊவாத் தோட்டங்களில் சமூகப் பணி செய்யும் என்னிடம், வடக்கு கிழக்கிலிருந்து மகளைக் கொண்டுவந்து விடும் தாயும், மடுல்சீமையில் கொழுந்து பறிக்கும் தாயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மிஸ், இரவில் பாதுகாப்பா?"

நியாயமான கேள்வி. மலைநாட்டில் மார்கழி மாதம் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் பத்தடி தூரத்தில் வருபவரைத் தெரியாது. இருட்டிய பின் பஸ்களும் குறைந்துவிடும். போடிங்கில் தங்கும் பிள்ளை ஏற்றப் பாதையில் தனியே நடக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளை பிரதான வீதியில் இறங்கி, தேயிலை மலைக்குள்ளால் லயத்திற்கு நடக்க வேண்டும்.

அறைக்குள் இருந்தால் போதுமா?

நாம் வழமையாகச் சொல்லும் புத்திமதி, "ஆறு மணிக்கு முன் அறைக்குள் போய்விடு" என்பதாகும். இதனால் ஆண் பிள்ளை ஒன்பது மணி வரை நூலகத்தில் படிக்கிறான், பெண் பிள்ளை அறையில் அடைபடுகிறாள். தவறு செய்ய நினைப்பவனுக்கோ எந்தத் தடையும் இல்லை.

அறையும் எப்போதும் காவல் ஆகாது. 1986இல் அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தனது விடுதி அறையிலேயே கொல்லப்பட்டார். பூட்டியிருக்க வேண்டிய கதவுகள் திறந்து கிடந்தன. அவருடைய பெற்றோர் துவண்டு போகாமல் போராடினார்கள். அதன் பலனாக, வளாகத்தில் நடக்கும் குற்றங்களைப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொரு வருடமும் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற சட்டம் 1990இல் வந்தது.

எமது நாட்டில் பகிடிவதை விடுதிக்குள்ளும் நடந்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு 2 வருடம் வரையிலும், அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் 10 வருடம் வரையிலும் சிறைத்தண்டனை உண்டு.

சென்னையில் நடந்தது

2024 டிசெம்பர் 23ஆம் திகதி இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செய்தவன் வெளியாள், அயலில் பிரியாணி விற்றவன். படம் பிடித்து வைத்திருப்பதாக அவரை மிரட்டினான். அவர் பயந்து மௌனமாக இருப்பார் என்பதே அவனுடைய கணக்கு. ஆனால் மாணவி மறுநாளே முறைப்பாடு செய்தார்.

பொலிஸ் பதிந்த முதல் அறிக்கையில் இருந்த அவருடைய விபரங்கள் வெளியே கசிந்தன. அந்த அறிக்கையின் வாசகங்கள் பாதிக்கப்பட்டவரையே குற்றம் சாட்டுவதாக உள்ளன என்று உயர் நீதிமன்றம் கண்டித்தது. மாணவிக்கு 25 லட்சம் இந்திய ரூபாய் இழப்பீடு வழங்கவும், மூன்று பெண் அதிகாரிகள் கொண்ட குழு விசாரிக்கவும் கட்டளையிட்டது. 2025 ஜூன் 2ஆம் திகதி, குறைந்தது 30 வருடங்கள் சிறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பிள்ளை வாய் திறந்ததால், ஆறு மாதத்திற்குள் இது நடந்தது.

எம்மிடையே வாய் திறப்பது மிகவும் குறைவு. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ், ரயில்களில் தொந்தரவுக்கு உள்ளானதாக 90 வீதமான பெண்கள் கூறினார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே.

முகாமில் நாம் கற்ற பாடம்

சகோதரிகளே, பாதுகாப்பைப் பற்றி யாரும் உங்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களுக்கு, இரவில் மலசலகூடத்திற்குப் போவது எப்படிப்பட்ட காரியம் என்று தெரியும். எந்த மூலையில் விளக்கில்லை, எங்கே கத்தினால் எவருக்கும் கேட்காது, எவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் கணக்குப் பார்த்தவைதாம்.

இதே அறிவைத்தான் கனடாவின் டொரொன்டோ நகரில் மெற்றாக் என்ற பெண்கள் அமைப்பு 1989இல் ஒரு முறையாக்கியது. பெண்கள் சிறு குழுவாக இரவில் நடந்து, எரியாத விளக்கு, மறைவான வளைவு, ஓடித் தப்ப வழியில்லாத இடம் ஆகியவற்றைக் குறித்து, பொறுப்பானவர்களிடம் கொடுப்பார்கள். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் டோர்ச்சும் நாலு பேரும் போதும். மாணவிகள் தமது வளாகத்திலும், தாய்மார் தோட்டப் பாதையிலும் இதைச் செய்யலாம். எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டால் "எமக்குத் தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாது.

பிள்ளையை அனுப்புமுன்

விடுதிப் பொறுப்பாளரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் நேரில் கேளுங்கள்: நூலகம் மூடும் நேரத்தில் பிள்ளைகள் எப்படித் திரும்புகிறார்கள்? பாதையில் விளக்கு எரிகிறதா? இரவுக் காவலர் எங்கே நிற்பார்? இரவில் அழைத்தால் தொலைபேசியை எடுப்பவர் யார்? போடிங் எடுத்தால் பகலில் மட்டும் பார்க்காமல், இருட்டிய பின்னும் ஒரு முறை அந்தப் பாதையில் நடந்து பாருங்கள்.

பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இரண்டையும் பிள்ளை மனப்பாடம் செய்யட்டும். சிங்களம் தெரியாது என்று தயங்க வேண்டாம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது எமது உரிமை. விளங்காத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் வைக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. என்றாவது ஒரு நாள் மகள் அழுதபடி தொலைபேசி எடுத்தால், "நீ ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வி அவளுடைய வாயை அடைத்துவிடும். "அம்மா இருக்கிறேன், சொல்லு" என்று சொல்லுங்கள். படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமில்லாத பிள்ளைதான் உண்மையைச் சொல்லும். அதை இன்றைக்கே, எதுவும் நடக்குமுன், அவளுக்குச் சொல்லி வையுங்கள்.