கலாபத்துக்குப் பின் அறுபது ஆண்டுகள்

நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டும் எழுந்தருளிய நாளோடு கலாபத்தின் வரலாற்றை முடித்துவிடுவது எழுதுவோர் வழக்கம். திருமேனி மீண்டது உண்மை. ஆயினும் அத்திருமேனியின் திருமுன்பே திருவாய்மொழியின் பொருள் முறையாக விரித்துரைக்கப்படுவதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் சென்றன. ஸம்ப்ரதாயத்தின் மறுவாழ்வு அவ்வறுபது ஆண்டுகளில்தான் நிறைவுற்றது என்பது அடியேன் துணிபு.

1323-ஐ ஒட்டி டில்லிப் படை தெற்கே வந்தது. அப்போது நிகழ்ந்ததைக் கோயிலொழுகு, பன்னீராயிரவர் முடிதிருத்திய பன்றியாழ்வான் மேட்டுக் கலகம் என்று குறிக்கிறது. 'கொலை' என்று சொல்ல நாவெழாமல் 'முடிதிருத்துதல்' என்றனர் போலும். பன்னீராயிரம் என்பது எண்ணிய கணக்கோ, மிகுதியைக் குறித்ததோ, அதனை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். ஓதியும் கேட்டும் வந்த ஒரு கோஷ்டியே அன்று குலைந்தது என்பதில் ஐயமில்லை.

அந்நிலையில் நம் பூர்வர்கள் எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள் என்று நோக்கவேண்டும். பெரியபெருமாள் ஸந்நிதியை மறைத்துக் கல்திரை எழுப்பப்பட்டது. பிள்ளை லோகாசார்யர் முதிர்ந்த பிராயத்தில் நம்பெருமாளுடன் தெற்கே நடந்தார். வழியில் கள்வர் திருவாபரணங்களைப் பறித்தபோது, தம்மிடம் எஞ்சியதையும் அவர் கொடுத்துவிட்டார் என்பது குருபரம்பரை வழக்கு. மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஸுதர்சன ஸூரியோ, ஸ்ரீபாஷ்யத்துக்குத் தாம் அருளிய ச்ருதப்ரகாசிகையையும் தம் குமாரர் இருவரையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்புவித்தார். தேசிகர் பிணங்களிடையே மறைந்திருந்து, அச்சுவடியையும் சிறுவர்களையும் காத்து, காவிரிக்கரைச் சத்யாகாலத்துக்கு எழுந்தருளினார். ஒருவர் பெருமாளைக் காத்தார், மற்றவர் பாஷ்யத்தின் உரையைக் காத்தார். பிற்காலத்துக் கலைபேதத்தை அந்நாளில் ஏற்றிப் பார்ப்பவர்கள் இவ்விரண்டையும் ஒருசேர நினைப்பது நலம்.

திருவாய்மொழிக்கு அமைந்த ஈடு முப்பத்தாறாயிரப்படி தப்பிய விதம் வேறு. வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய அதனை நம்பிள்ளை உடனே வெளியிடாமல் தம்மிடமே வைத்திருந்து, பின்பு ஈயுண்ணி மாதவரிடம் அளித்தார். அது அவர் குமாரர் பத்மநாபரிடமும், அவர்வழி நாலூர் பிள்ளையிடமும் சென்றது. கேட்போர் அருகிய இம்முறையை இன்று குறையாகச் சொல்வாருண்டு. ஆயின் கலாபம் வந்தபோது ஈடு அரங்கத்தில் ஒடுங்கியிராமல் காஞ்சியை ஒட்டி வழங்கிவந்ததும் அம்முறையாலேதான். பேரிழப்புக்கு ஏதுவாகியிருக்கக்கூடிய அருமையே காப்பாகவும் ஆயிற்று.

சுவடி இருந்தால் மட்டும் போதாது, கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் மதுரையில் அரசியலில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வார். லோகாசார்யர் நியமனப்படி அவரைத் தேடிச் சென்றவர் கூரகுலோத்தம தாஸர். தாஸர் திருவிருத்தம் அநுஸந்தித்து வரக்கேட்ட ஆழ்வார், பல்லக்கிலிருந்தபடியே பொருள் வினவினார். தாஸர் விடை கூறாமல் உமிழ்ந்து சென்றார். ஏவலர் சினக்க, ஆழ்வார் அவர்களைத் தடுத்தார். பின்னர் நாள்தோறும் ஆழ்வார் திருமண்காப்பு இடும் சிறுபொழுதில் தாஸர் அர்த்தங்களைச் சொல்லத் தொடங்கினார். படைகொண்டு மீட்ட கதையை விரும்பிக் கேட்கும் நாம், இச்சிறுபொழுதுகளைப் போதியவாறு போற்றவில்லை. நெடுநாளில் திருமலையாழ்வார் அரசியலைத் துறந்தார். நாலூர் பிள்ளையின் நியமனத்தால் அவர் குமாரர் நாலூராச்சான் பிள்ளையிடம் ஈடு கேட்டார். காடுமண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தினார். திருவாய்மொழிப்பிள்ளை என்று பெயர் பெற்றவர் இவரே.

இதற்கிடையே நம்பெருமாள் திருமாலிருஞ்சோலை, கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை, செஞ்சி எனப் பல இடங்களில் எழுந்தருளியிருந்தார். விஜயநகரப் படைத்தலைவன் கோபணார்யன் அவரைத் திருவரங்கத்தில் சேர்த்த செய்தியைக் கோயிற் சாஸனம் 'பந்துப்ரிய' ஆண்டில் வைத்துச் சொல்கிறது. கடபயாதி முறையில் ப 3, து 9, ப்ரி 2, ய 1. தலைகீழாகக் கொள்ள சகம் 1293, அதாவது 1371-72. கோயிலொழுகு பரிதாபி வருஷம் வைகாசி 17 என்கிறது. அதற்குள் அரங்கத்தில் வேறொரு உத்ஸவர் எழுந்தருளியிருந்தமையால், முன்னிருந்தவர் எவர் என்பதில் ஐயம் எழுந்தது. கண்ணிழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவர் இரு திருமேனிகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் ஸ்வீகரித்துப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்றார். ஆவணமும் அதிகாரியும் தீர்க்கமுடியாத வழக்கைத் தலைமுறையாகத் திருப்பரிவட்டம் வெளுத்த கையும் நாவும் தீர்த்தன.

அதற்குச் சற்று முன், 1370-இல் ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தில், திருநகரியில் மணவாள மாமுனிகள் அவதரித்தார். வளர்ந்தது எம் இராமநாதபுரச் சீமையில், தாய்வழிப் பாட்டனார் ஊரான சிக்கில் கிடாரத்தில். அங்கு அருளிச்செயலும் ரஹஸ்யங்களும் அவருக்குத் திருத்தகப்பனாரிடமே கிடைத்தன. பள்ளியும் மடமும் குலைந்த காலத்தில் இல்லமே பாடசாலையாயிற்று. திருவாடானையிலிருந்து எழுதும் அடியேனுக்கு இதில் சிறிது பெருமிதம் தோன்றினால் பெரியோர் பொறுத்தருள்க. பிறகு திருநகரி சென்று, திருவாய்மொழிப்பிள்ளை திருவடிகளில் ஈடு கேட்டார்.

அவர் அருளிய உபதேசரத்தினமாலையில் வியாக்கியானங்கள் எவை, அவற்றை இட்டவர் யாவர், ஈடு எவர் கைமாறி வந்தது என்பன முறையாக உள்ளன. கலாபத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அறியாமல் விட்டாரல்லர், அழிந்த கோயிலின் கதையிடையே வளர்ந்தவர் அவர். எண்ணிச் சொல்லவேண்டியவை எவை என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

பரிதாபி வருஷம் மீண்டும் வந்தபோது, 1432 ஆவணியில், பெரிய திருமண்டபத்தில் ஈடு தொடங்கியது. நம்பெருமாள் தம் உத்ஸவங்களை நிறுத்திவைத்து ஓராண்டு கேட்டருளினார். மறுவருஷம் ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை ஆயிற்று. அப்போது அரங்கநாயகம் என்னும் சிறுபிள்ளை வடிவில் வந்து பெருமாள் விண்ணப்பித்ததாகப் பெரியோர் கூறும் தனியனில் முதற்கண் நிற்பது, மாமுனிகளின் ஆசார்யரான அந்தப் பழைய மதுரை அதிகாரியின் திருநாமமே.