முதுகு கூனியவருக்குத் தூக்க மாத்திரையா?

முதுகு கூனி, ஒரு தோள் இறங்கி, நெஞ்சுக்கூடு கோணிப்போன பெரியவர்களை நம் தோட்டப்புறங்களில் பார்த்திருப்போம். சிறு வயதில் முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் சிலர் இப்படி ஆனார்கள். சிலர் இளம்பிள்ளை வாதத்தால். வளரும் பருவத்தில் காரணம் தெரியாமலே முதுகு வளைந்துபோனவர்களும் உண்டு. நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த தாத்தா பாட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

"ராத்திரியில தாத்தா தூங்கவே மாட்டேங்கிறாரு. விடிஞ்சா தலைவலிங்கிறாரு. பகல்ல நாற்காலியிலேயே தூங்கி விழறாரு" என்று வீட்டில் குறைப்படுவார்கள். பக்கத்து வீட்டு அக்கா உடனே யோசனை சொல்வார்: "டவுன்ல ஒரு தூக்க மாத்திரை வாங்கிக் குடுங்களேன்!"

அந்த யோசனைதான் ஆபத்து.

விலா எலும்புகளுக்கு இடையில் உள்ள தசைகளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற பெரிய தசையும் சேர்ந்துதான் நமக்கு மூச்சு இழுக்கின்றன. நெஞ்சுக்கூடு கோணியவருக்கு இந்தத் துருத்தி சரியாக விரியாது. பகலில் சின்னச் சின்ன மூச்சாக இழுத்து எப்படியோ சமாளித்துவிடுவார். ஆனால் கனவு காணும் தூக்கத்தில் எல்லாருக்குமே விலாத் தசைகள் தளர்ந்துவிடும். உதரவிதானம் ஒன்றே எல்லாப் பாரத்தையும் இழுக்கவேண்டும். இவருக்கு அது போதாது. பிராணவாயு குறையும், கரியமிலவாயு ரத்தத்திலேயே தங்கிவிடும். காலைத் தலைவலி அதனால் வருவதுதான். நாளாக ஆக இருதயமும் களைத்து, கால் வீங்கும்.

மூச்சு குறையும்போது மூளை ஆளைத் தட்டி எழுப்பிவிடுகிறது. தாத்தாவின் தூக்கம் கெடுவது இதனால்தான். இந்த விழிப்பு ஒரு காவல்காரன் மாதிரி. தூக்க மாத்திரை அந்தக் காவல்காரனையும் தூங்க வைத்துவிடும். கோடின் கலந்த இருமல் மருந்தும் அப்படித்தான். சம்சுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

சரி, இதற்கு மருந்தே இல்லையா? தேடாமல் இல்லை. புரோட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை கனவுத் தூக்கத்தைக் குறைக்கும் என்பதால் 1980-களில் அதைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் இறங்காமை என்று தொல்லைகள்தான் மிஞ்சின. மூச்சைத் தூண்டும் அல்மிட்ரின் மாத்திரை கால் நரம்புகளைக் கெடுத்ததால், அதை விலக்கிவிடும்படி ஐரோப்பிய மருந்துக் கழகம் 2013-இல் கூறிவிட்டது. இந்த நோய்க்கென்று நம்பி விழுங்கக்கூடிய மாத்திரை இன்றுவரை இல்லை.

கைகொடுப்பது ஒரு சிறு இயந்திரம். ராத்திரி படுக்கும்போது மூக்கில் கவசம் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் அது காற்றைத் தள்ளிக் கொடுக்கும். முதல் சில வாரம் "இதென்னடா மூஞ்சியில மூடி" என்று சலித்துக்கொள்வார்கள். பழகியபின் தலைவலி விட்டு, பகல் தூக்கமும் குறையும். பிராணவாயு சிலிண்டரை மட்டும் நாமாக வாங்கி வைக்கக்கூடாது. அதனால் சிலருக்குக் கரியமிலவாயு இன்னும் ஏறிவிடும்.

இயந்திரம் விலை கூடியதுதான். வாங்க வழியில்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் சமூகநலப் பிரிவில் கேட்டுப் பார்க்கவேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது?

முதலில் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். "தூக்கம் வரலே டாக்டர்" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரைதான் கிடைக்கும். கூன் முதுகு, காலைத் தலைவலி, பகல் தூக்கம், கால் வீக்கம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரியில் விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சோதனையும், ரத்தத்தில் கரியமிலவாயுவைப் பார்க்கும் சோதனையும் தேவையா என்று கேளுங்கள். ஏற்கெனவே பல மாதமாகத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. டாக்டர் சொல்கிறபடி மெள்ளக் குறைக்கவேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரைப் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் நமக்கு வாயில் நுழையாவிட்டாலும் டாக்டர் பார்த்துத் தெரிந்துகொள்வார்.