ரசீது இல்லாத செலவு

அல்சைமருக்கு ஆகும் செலவு என்றதும் மாத்திரை, ஸ்கேன், நரம்பியல் மருத்துவர் ஃபீஸ் என்றுதான் மனசு கணக்குப் போடும். உலகக் கணக்கு வேறு. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்களால் 2019இல் மட்டும் உலகத்துக்கு ஆன செலவு சுமார் 1.3 லட்சம் கோடி டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நோயாளிகளில் நூற்றுக்கு 60, 70 பேருக்கு இருப்பது அல்சைமர். அந்தத் தொகையில் மருத்துவத்துக்கு நேராகப் போனது 16 சதவீதம்தான். பராமரிப்பு இல்லம், சம்பளத்துக்கு வைக்கும் ஆள் போன்றவற்றுக்கு 34 சதவீதம். மீதிப் பாதி, வீட்டு மனிதர்கள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்ட நேரத்தின் மதிப்பு.

நேரத்துக்கு எப்படி விலை போடுவது? பொருளாதார நிபுணர்களிடம் இரண்டு வழிகள் உண்டு. அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி ஆகும் என்று பார்ப்பது ஒன்று. பார்த்துக்கொள்பவர் வெளியே வேலைக்குப் போனால் என்ன சம்பாதிப்பார் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது வழியில், மாமியாருக்காக வேலையை விட்ட ஆசிரியைக்கு ஒரு தொகை வரும். முன்பிருந்தே வீட்டோடு இருக்கும் மருமகளுக்குப் பூஜ்யம் என்றும் வரலாம். எந்த வழியில் போட்டாலும் கூலி மலிவான நாட்டில் தொகை சிறுத்துவிடும். நோயாளிகளில் 61 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருந்தும், செலவில் அந்த நாடுகளின் பங்கு 26 சதவீதமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம் பக்கம் பாரம் குறைவு என்று இதை வாசித்தால் ஏமாந்துபோவோம். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதிநோயோடு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

வீட்டார் கொடுக்கும் அந்த நேரம் எதில் கரைகிறது? பீரோ சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு, மருமகள் நகையைத் திருடிவிட்டாள் என்று அம்மா அழுவார். சாயங்காலமானால் சொந்த வீட்டிலேயே புடவையை மாற்றிக்கொண்டு, "எப்ப வீட்டுக்குப் போறது?" என்று கேட்பார். குளிக்க மறுப்பார். சாப்பிட்டு அரை மணி ஆகாது, இன்னும் சாப்பாடே போடவில்லை என்பார். ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு யாராவது அரைத் தூக்கத்தில் கிடக்க வேண்டும். வீட்டார் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேரம் கொடுக்கிறார்கள், அதில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பெண் கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. தன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்ப்பதும் தள்ளித் தள்ளிப் போகும்.

மெடிக்ளெய்ம் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்தால் வரும் செலவுக்கானது. இந்த நோய் வருடக்கணக்கில் நடப்பது வீட்டுக்குள். ஜப்பான் இதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்து, 2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. 40 வயதிலிருந்து எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். பகல்நேர மையத்துக்கோ வீட்டுக்கு வரும் உதவியாளருக்கோ ஆகும் செலவில் பெரும்பாலானோர் கொடுப்பது பத்தில் ஒரு பங்கு. வீட்டுப் பெண்ணின் நேரத்தில் கொஞ்சமாவது அரசுக் கணக்குக்கு வந்தது அப்படித்தான்.

கடைசியாக, நாம் உடனே கவனிக்க வேண்டிய ஒன்று. நோய் முற்றும்போது கையெழுத்தும் போய்விடும். பென்ஷன் பணம் கணக்கில் கிடக்கும். பணம் எடுக்கும் சீட்டை, கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி திருப்பிவிடும். பவர் எழுதி வைத்திருக்கிறோமே என்றால் அதுவும் நிற்காது: எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தியை இழந்தால் முகவர் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவு. பிறகு பாதுகாவலர் நியமனத்துக்குக் கோர்ட் படி ஏற வேண்டியதுதான். ஆகவே நோய் என்று தெரிந்ததும், நினைவு தெளிவாக இருக்கும்போதே, கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி மாற்றுவது, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவர் விருப்பப்படியே முடித்துவிடுவது நல்லது. இந்தப் பேச்சை எடுத்தால், சொத்துக்கு அலைகிறான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.