குளிர் போனாலும் டியூப் போவதில்லை

நவம்பர் கடைசியில் உதகையின் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெளுக்கத் தொடங்கினால், பிப்ரவரி வரை உறைபனிக் காலம்தான். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து இறங்குவார்கள். அதே வாரங்களில் நீலகிரியின் மெடிக்கல் ஷாப்புகளில் ஒரு குரல் அடிக்கடி கேட்கும்: “அண்ணே, போன தடவை குடுத்தீங்களே, அரிப்புக்கு ஒரு டியூப்... அதையே குடுங்க.” மருந்தின் பெயர் கேட்பவருக்குத் தெரியாது. மருந்துச் சீட்டு யாரும் கேட்பதில்லை. குளிர்காலத் தோல் பராமரிப்பு என்றதும் பாலாடை, தேன், எலுமிச்சை என்று எவ்வளவோ எழுதலாம். அவற்றால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. கெடுதல் இந்த டியூபில்தான் இருக்கிறது.

அரிப்பு ஏன் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம். உறைபனி விழும் நாளில் தோலை அதிகம் வாட்டுவது விடியற்காலைக் குளிரைவிட நண்பகல்தான். பூஜ்யம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி 5 கிராம்கூடத் தேறாது. வெயில் ஏறி அதே காற்று 20 டிகிரிக்கு வந்தால் 17 கிராம் வரை தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது காலையில் இருந்த அந்த 5 கிராம்தான். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பற்றாக்குறையை அது உதட்டிலிருந்தும் புறங்கையிலிருந்தும் முழங்காலுக்குக் கீழே இருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது.

தோலின் மேலடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் தவிர்த்த இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். அதற்குள் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சேர்ந்துதான் உடலின் நீரை வெளியே விடாமல் தடுத்து வைக்கின்றன. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அரை மணி நேரம் குளித்தால் அந்தக் கொழுப்பு கரைந்து போய்விடும். அதோடு சோப்பும் சேர்கிறது. ஆரோக்கியமான தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஹெச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்போ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். வயது அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தோலில் எண்ணெய்ச் சுரப்பே குறைவு. அவர்களுடைய கெண்டைக்கால் முன்பக்கம் வறண்ட ஏரி மண் போல வலைவலையாக வெடிக்கும்.

வேலை செய்யும் கைகளின் பாடு தனி. பனி ஈரத்தோடு கொழுந்து பறிக்கும் விரல்களுக்கும், கேத்தி பாலாடா பக்கம் விடியும் முன்பே கேரட் அறுவடைக்கு இறங்கும் கைகளுக்கும் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை காயும்போதும் தோல் தன் ஈரத்தையும் இழக்கிறது. இரவு கம்பளிக்குள் உடம்பு சூடேறியதும் அரிப்பு தொடங்குகிறது. தூக்கம் கெடுகிறது. மறுநாள் கூலி போய்விடக் கூடாது. டாக்டரைப் பார்க்க பஸ் பிடித்துப் போய் வருவதற்குள் ஒரு நாள் தீர்ந்துவிடும். மெடிக்கல் ஷாப் போகிற வழியிலேயே இருக்கிறது.

அங்கே கைக்கு வரும் டியூப் பெரும்பாலும் ஒரு கலவை: பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூடவே வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு என்றால் எல்லாம் ஒரே ரகமல்ல. 1952-இல் தோலில் பூசிப் பயன் கண்ட ஹைட்ரோகார்ட்டிசோன் மிதமானது. இந்தக் கலவைகளில் அடிக்கடி இடம்பெறும் குளோபெட்டசால் அதைவிடச் சுமார் 600 மடங்கு வீரியமுள்ளது என்பது மருத்துவ நூல்களில் உள்ள கணக்கு. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்குகிறது, சிவப்பு மறைகிறது. வறட்சி மட்டும் அப்படியே இருக்கிறது. தோல் இழந்த கொழுப்பில் ஒரு துளியைக்கூட ஸ்டீராய்டு திருப்பித் தருவதில்லை. அழற்சியை அமுக்கி வைக்கிறது, அவ்வளவுதான். தொடர்ந்து பூசினால் தோலை மெலிய வைத்து, அந்தக் கொழுப்பு உருவாவதையும் குறைத்துவிடும். விட்டதும் அரிப்பு திரும்பும், மறுபடி டியூப். ஜனவரி அரிப்புக்கு வாங்கியது சித்திரை வெயிலிலும் அலமாரியில் இருக்கிறது.

முகத்தில் பூசினால் நிலைமை இன்னும் மோசம். பனியில் முகம் கறுத்துவிட்டது என்று வாங்கப்படும் சில ‘வெளுக்கும்’ கிரீம்களில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்திருக்கும். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், இவரும் டியூப் பெயரைச் சொல்லிக்கொடுப்பார். சில மாதங்களில் கன்னத்தில் சிவப்பு நரம்பிழைகள் தெரியும், பரு கொப்பளிக்கும், பெண்களுக்கு மீசையும் தாடியும் போல முடி வளரும், அடுப்பருகே நின்றாலே முகம் எரியும். ‘ஸ்டீராய்டால் பாதிக்கப்பட்ட முகம்’ என்று இதற்குத் தனியாகவே பெயர் வைக்கும் அளவுக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் இதைப் பார்த்துச் சலித்துப்போயிருக்கிறார்கள்.

படர்தாமரைக்காரர்கள் கதை வேறு. மேகம் மூடிய நாட்களில் மலையில் துணி காய்வதில்லை. அரை ஈரத்தோடு உள்ளாடை, அதன்மேல் பேன்ட், அதற்கும் மேல் ஸ்வெட்டர். இடுப்பு மடிப்பில் வட்ட வட்டமாகப் பூஞ்சை கிளம்பும். அதன்மேல் ஸ்டீராய்டு பட்டால் வட்டத்தின் விளிம்பு மங்கிப்போய், மருத்துவரே தடுமாறும்படி பூஞ்சை ஒளிந்துகொள்ளும். உள்ளே பரவிக்கொண்டும் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தது துண்டு, போர்வை வழியாக மற்றவர்களுக்கும் போகும். வழக்கமான மாத்திரைக்கு அடங்காத ஒரு புதிய வகைப் பூஞ்சையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் அடையாளம் கண்டார்கள். நோயாளிகள் இந்தியாவையும் நேபாளத்தையும் சேர்ந்தவர்கள் என்பதால் அதன் பெயரிலேயே ‘இண்டோ’ ஒட்டிக்கொண்டது. அது இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஸ்டீராய்டுக் கலவைக் களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2018-இல் பல ஸ்டீராய்டுக் களிம்புகள் ஹெச் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. டியூபின் அட்டையில் சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கின்றன, படிக்க முடியாத பொடி எழுத்தில். ‘மருத்துவர் எட்டாத இடத்தில் நாங்கள்தான் ஆதரவு’ என்று கடைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சரியான நோய்க்கு, சரியான நாள் கணக்கில் ஸ்டீராய்டு அருமையான மருந்துதான். ஆனால் வெறும் வறட்சி அரிப்புக்கு அதைத் தூக்கிக் கொடுப்பதை எந்த நியாயமும் மறைக்க முடியாது.

வறட்சிக்கு வேண்டியது இதைவிடச் சுலபம், மலிவும்கூட. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடக் குளியல். சோப்பு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுக்கக் காயும் முன்பே எதையாவது பூசிவிட வேண்டும். காய்ந்த தோலில் பூசும் எண்ணெய்க்குப் பூட்டி வைக்க அங்கே நீரே இருக்காது. பெட்ரோலியம் ஜெல்லி பிசுபிசுக்கும், உண்மைதான். ஆனால் நீர் ஆவியாவதைத் தடுப்பதில் அதை மிஞ்ச அநேகமாக ஆளில்லை. தேங்காய் எண்ணெயும் சளைத்ததல்ல. பிலிப்பைன்ஸில் வறண்ட தோல் உள்ளவர்களிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில் அது மினரல் ஆயிலுக்கு இணையாக நின்றது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும் என்பதால், மலையில் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த கிரீமை இரவில் பூசி, சாக்ஸ் போட்டுப் படுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் வெடிப்பைப் பிளேடால் சீவ வேண்டாம்.

வேறொன்றும் இருக்கிறது. ஈரக்குளிரில் கால் விரல்கள் சிவந்து, நீலம் பாரித்து வீங்கி நமைச்சல் எடுத்தால், அது பூஞ்சையல்ல, குளிரில் ரத்த நாளங்கள் சுருங்குவதால் வருவது. உடனே கரி அடுப்பில் காட்டக் கூடாது. உலர்ந்த சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற்ற வேண்டும். நெருப்பருகே நாள்தோறும் கால் நீட்டி உட்கார்ந்தால் தோலில் வலைபோல் பழுப்புத் தழும்பு விழும். காஷ்மீரில் ஆடைக்குள் காங்கிரி எனும் கணப்புச் சட்டியை வைத்துக்கொள்பவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வெயிலையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறது. உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. ‘பனிக் கறுப்பு’ என்று முகத்துக்குக் கிரீம் தேடுபவர்களுக்கு வேண்டியது தொப்பியும் சன் ஸ்கிரீனும்தான்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் டியூப் பூசி வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறிந்துவிட வேண்டாம். முகத்தில் திடீரென்று நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் முன்பைவிடப் பெரிதாகக் கிளம்பும்; அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் திரும்பவும் டியூபுக்கே போகிறார்கள். காலி டியூபோ அட்டையோ, இருப்பதைக் கையோடு எடுத்துக்கொண்டு, தோல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை நாளாக, எங்கெங்கே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று மறைக்காமல் சொல்லுங்கள். வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றி, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துவார்கள். சிலருக்கு வாரங்களில் முடியும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.