பரிவட்டமும் பதினெட்டாவது பிரிவும்



நினைவுச் சொற்பொழிவு என்பது நம் மக்களுக்குச் சமீப காலத்தில் வாய்த்த ஒன்று. அரசர்களை நினைவில் வைத்திருக்கக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. அவர்கள் கட்டிய கோபுரங்களுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் வெட்டி வைக்கவில்லை. ஆகவே இந்த மேடையில் நாம் அரசர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தமானதுதான். மக்களாட்சி நடக்கும் நாடு பழைய அரச குடும்பங்களோடு எந்த உறவை வைத்துக்கொள்ளலாம், எதை அறுத்தாக வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

‘ராஜாக்கள்தான் எப்போதோ போய்விட்டார்களே’ என்று சிலர் நினைக்கலாம். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். இந்தியாவோடு இணைந்த சமஸ்தானங்களின் மன்னர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 291ஆம் பிரிவு மானியத்தை உறுதி செய்தது. அவர்களின் தனிச் சலுகைகளை மதிக்க வேண்டும் என்றது 362ஆம் பிரிவு. 1970இல் குடியரசுத் தலைவரின் ஆணை மூலம் மன்னர் என்ற அங்கீகாரத்தையே ரத்து செய்ய ஒன்றிய அரசு முயன்றது. அந்த ஆணை செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பிறகு 1971 டிசம்பரில் 26ஆவது திருத்தம் வந்து இரண்டு பிரிவுகளையும் நீக்கியது. மன்னர் மானியம் ஒழிந்தது.

நம் பக்கத்தில் ஆண்டவர்கள் ஜமீன்தார்கள். ராஜபாளையத்துக்கு அருகில் சேத்தூர், அதைத் தாண்டினால் சிவகிரி. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் பெயரிலிருந்த ‘ராஜா’ அரசுரிமையால் வந்ததல்ல. 1952 பொதுத்தேர்தலில், முதல்வர் பதவியில் இருந்தபடியே போட்டியிட்டு அவர் தோற்றார், பதவி விலகினார். வாக்குச்சீட்டால் இறக்கக்கூடியவரே மக்களாட்சியின் தலைவர். முடிசூடியவரை அப்படி இறக்க முடியாது. இந்த வேறுபாட்டை நம் ஊரே நாட்டுக்குக் காட்டியிருக்கிறது.

ஆனால் ஜமீன் ஒழிப்பு எதை ஒழித்தது என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஜமீன்தாருக்கு இழப்பீடு கிடைத்தது. அவருடைய சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டாவும் கிடைத்தது. நிலத்தை உழுதுவந்த குடியானவருக்கும் பட்டா கிடைத்தது. குடியானவரிடம் கூலிக்கு உழைத்த நம் மக்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. வரி வாங்கும் அதிகாரம் போயிற்று. கோயிலில் முதல் மரியாதை வாங்கும் அதிகாரம் அப்படியே நின்றது.

முதல் மரியாதை என்றால் என்ன? சாமிக்குச் சாத்திய துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள், மாலை போடுவார்கள், திருநீறோ தீர்த்தமோ முதலில் கொடுப்பார்கள். பார்ப்பதற்கு ஒரு முழத் துணிதான். ஆனால் முதலாவது ஆள் யார் என்று முடிவானால் இரண்டாவது, மூன்றாவது ஆள் யார் என்பதும் முடிவாகிறது. வரிசையின் கடைசி ஆளும், வரிசைக்குள்ளேயே வரக்கூடாதவரும் அதே முடிவில் அடங்கிவிடுகிறார்கள். படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். உச்சிப் படியில் ஒருவரை நிற்க வைத்துவிட்டு அடிப்படியில் நிற்பவரை மட்டும் மேலே ஏற்ற முடியாது.

இதற்கு நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப உதவியவர் என்று போற்றப்படுபவர்தான் இந்தச் சேதுபதி. தனிமனிதராக அவர் நல்லவரா கெட்டவரா என்பது நம் கேள்வியல்ல. அவர் வகித்த பதவி இந்த வேலையைத்தான் செய்யும். அந்தத் தீர்ப்பு வந்து 46 ஆண்டுகளில், தடுக்கப்பட்ட அதே சமூகத்தில் பிறந்த விருதுநகர் காமராசர் முதல்வரானார். மன்னர் அடைத்த வாசலைத் தேர்தல் திறந்தது.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தேவகோட்டை அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் இன்றும் சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே தேர்த் திருவிழாவில் மரியாதை நான்கு நாடுகளின் நாட்டார்களுக்கு. வடம் பிடிக்கும் உரிமையை தலித் மக்கள் கேட்டபோது போராட்டமும் வழக்குமாக ஆண்டுகள் ஓடின. தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்றது. 2024 ஜூனில்தான் நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு காவல்துறைப் பாதுகாப்போடு மீண்டும் ஓடியது.

ஊராட்சித் தலைவர் பதவியிலும் இதே சிக்கல் வந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் தனித்தொகுதிகளாயின. 2006 வரை அங்கே முறையான தலைவர்கள் அமர முடியவில்லை. மேலவளவில் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று, உடன் இருந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். ஊராட்சித் தலைவருக்குப் பெரிய நிதியோ அதிகாரமோ இல்லை. ஊரின் முதல் ஆள் என்ற இடம் உண்டு. அந்த இடம் பிறப்பால் வருவது என்று நம்புகிறவர்களால் அது தேர்தலால் வருவதைப் பொறுக்க முடியவில்லை. முடியாட்சியின் கருத்து கிரீடம் இல்லாமலே இங்கு வாழ்கிறது.

இதற்கு நம் அரசின் சட்டமே துணை நிற்கிறது என்பதுதான் வேதனை. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் ‘பரம்பரை அறங்காவலர்’ என்ற வகையை ஏற்கிறது. வழக்கத்தின்படி கோயிலில் யாருக்கு மரியாதை உரியது என்ற வழக்கை விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரத்தை அதன் 63ஆம் பிரிவு அறநிலையத் துறை அதிகாரிக்குத் தருகிறது. அரசு அதிகாரி, பரிவட்டம் எந்தத் தலைக்கு என்று தீர்ப்பு எழுத வேண்டியிருக்கிறது. அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவில் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பரம்பரை அறங்காவலர் உள்ள கோயிலிலோ அந்த நாற்காலி பிறப்பாலேயே நிரம்பிவிடுகிறது.

மன்னர்களால் நமக்கு நன்மையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கோல்ஹாப்பூரின் சாகு மகாராஜா 1902இல் 50 விழுக்காடு இடஒதுக்கீடு தந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் அம்பேத்கர் 1913இல் அமெரிக்கா சென்றார். இவற்றை நன்றியோடு சொல்வோம். திருவிதாங்கூர் மன்னர் 1936இல் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியிட்டதையும் சொல்வோம். அதோடு, அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே, 1893இல், தடுக்கப்பட்ட சாலையில் அய்யன்காளி வில்வண்டி ஓட்டியதையும் சேர்த்தே சொல்வோம். போராட்டம் கேட்டதைத்தான் பிரகடனம் கொடுத்தது. மன்னர் மனம் வைத்துக் கொடுப்பதை அடுத்த மன்னர் எடுத்துக்கொள்ளலாம். அரசமைப்புச் சட்டம் தந்த உரிமையை நாம் நீதிமன்றத்தில் கேட்டு வாங்கலாம்.

அந்தச் சட்டத்தில் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. அடுத்த 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழிக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நாம் பொருளுடையதாகவே படிக்கிறோம். பிறப்பால் தாழ்ந்தவர் இல்லை என்றால் பிறப்பால் உயர்ந்தவரும் இல்லை. 17ஐ நாம் உரக்கப் பேசினோம், 18ஐ மறந்துவிட்டோம்.

அப்படியானால் பழையதை எல்லாம் இடித்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை. புதுக்கோட்டை மன்னரின் அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எந்தச் சேரியிலிருந்தும் மனுவோடு ஒரு பாட்டி அதற்குள் நடந்து போகலாம். தமிழக அரசின் முத்திரையில் இருப்பது நம் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பெருமைப்படுகிறோம். அந்த முத்திரை கோபுரத்தை எடுத்துக்கொண்டது. யாருடைய கிரீடத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. அரண்மனை, கோபுரம், ஓலை, ஆவணம் எல்லாம் மக்களின் சொத்தாக இருக்கட்டும். அறுக்க வேண்டியது பிறப்புவழி மரியாதையை.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. பொதுக்கோயிலில் பிறப்பை வைத்து எவருக்கும் முதல் மரியாதை தரப்படாது என்று அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். பரம்பரை அறங்காவலர் உள்ள கோயில்களிலும் பட்டியல் சாதியினருக்கு நிர்வாகத்தில் இடம் கட்டாயமாக்கப்பட வேண்டும். அரசு விழா அழைப்பிதழிலும் மேடையிலும் ‘மன்னர்’, ‘இளைய ராஜா’ போன்ற அடைமொழிகள் நிறுத்தப்பட வேண்டும்.

திருவில்லிபுத்தூர் இன்று தனித்தொகுதி. அங்கே வென்று சட்டமன்றத்துக்குப் போகிறவர் மாநிலத்துக்கே சட்டம் இயற்றுகிறார். அவரைத் தேர்ந்தெடுத்த தெருவின் மக்கள் தங்கள் ஊர்த் தேரில் எந்த இடத்தில் நின்று வடம் பிடிக்கிறார்கள் என்று ஒவ்வொரு திருவிழாவிலும் நாம் கேட்போம்.