வீட்டுக் கணிப்பொறியிற் பிட்காயின் விளையுமோ?

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள நம் வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டு பிட்காயின் ஈட்டலாமோ என வினவுவார் உளர். ஆராய்வோம்.

பிட்காயின் அகழ்தலாவது, உலகெங்குமுள்ள கணிப்பொறிகள் ஒரு கணக்குப் புதிருக்கு விடை தேடிப் போட்டியிடுதலேயாம். ஏறத்தாழ 10 நிமிடத்திற்கு ஒரு முறை, முந்தி விடை கண்டார்க்கே பரிசு. 2009-இல் 50 நாணயமாயிருந்த அப்பரிசு 2024-இல் 3.125 ஆகச் சுருங்கிற்று. இதற்கென்றே இயற்றிய தனிப்பொறிகள் 2013 முதல் களம் புகுந்தன. பம்புசெட்டு இறைக்கும் கிணற்றிற் கைவாளியிட்டுப் போட்டியிடுதல் போன்றதே நம் முயற்சி.

வரவு ஐயம், செலவோ திண்ணம். 300 வாட் கொள்ளும் கணிப்பொறி இரவும் பகலும் ஓடின், நாளொன்றுக்கு 7.2 யூனிட்; இருமாதக் கணக்கில் 432 யூனிட். 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியுமுண்டு. மின்செலவைக் கழித்துக்கொள்ளவும் இடமில்லை.

கற்றற்பொருட்டு ஒருநாள் இயக்கிப் பார்த்தல் நன்று. திராட்சைத் தோட்டத்தில் வியர்வை சிந்தும் தந்தையார் கட்டும் மின்கட்டணத்தைப் பணயம் வைத்தல் நன்றன்று.